துறை தாண்டிய ஜீப்

மேனுகா அந்த ஜீப்பை வாங்கியதற்குக் காரணம் செத்துப்போன மாடுகள்.

போன மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாதைகளையெல்லாம் வெள்ளம் அறுத்துக்கொண்டு நின்றபோது, ஈச்சஞ்சேனைக்கு அப்பால் ஆறு தாண்டிய மாட்டுப் பட்டிகளில் தொண்டை அடைப்பான் பரவியது. அவள் மாட்டு வைத்தியர். தடுப்பு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு, தன் சின்னக் காரோடு ஆற்றுத் துறையின் இக்கரையில் நின்று அக்கரையைப் பார்ப்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் வடிந்து அவள் போய்ச் சேர்ந்தபோது பட்டிக்காரர்கள் மாடுகளைப் புதைத்து முடித்திருந்தார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஜீப்பை அவள் ஏறாவூரில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் தறப்பாள் மூடிக் கிடக்கக் கண்டாள். பழைய, நீளமான ஜப்பான் ஜீப். பின்பக்கம் இரண்டு இலையாகத் திறக்கும் கனத்த கதவு. ஆலைக்காரர் அதை வேறொருவரிடம் வாங்கியிருந்தார். அந்த வேறொருவர் எங்கோ ஏலத்தில் எடுத்ததாகக் கேள்வி. அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் பெயின்ற் உரிந்த இடங்களில் பச்சை தெரிந்தது. பச்சை உரிந்த இடங்களில் கறுப்பு.

காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த ஸியாமிடம் அதைக் கொண்டுபோனாள். கத்தாரில் பாலைவன ஓட்டத்துக்கு வண்டிகளைத் தயார்படுத்தும் கராஜ் ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். ஜீப்பைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்து, சிரித்தார்.

"மணலுக்குச் செஞ்ச வேலையச் சேத்துக்குச் செய்யச் செல்றீங்க டொக்டர். செய்யலாம். எஞ்சின் நல்லாத்தான் இரிக்கி."

வேலை தொடங்கியது. பாரந்தாங்கும் பழைய வில்களைக் கழற்றிவிட்டுக் கனத்தவை போட்டு வண்டியை உயர்த்தினார். பெரிய பல் வைத்த சேற்று ரயர்கள் பூட்டினார். எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடாதபடி, காற்றிழுக்கும் குழாயை முன்கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏற்றினார். முன்பம்பரில் கம்பி வடம் சுற்றிய வின்ச் ஒன்றைப் பொருத்தினார், புதைந்தால் மரத்தில் கொளுவித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள. மேனுகா கிடைக்கும் நேரமெல்லாம் அங்கே போய் நின்றாள். ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் பார்க்க அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

துருவேறிய தரைத் தகட்டை மாற்றுகிற அன்று ஸியாம் அவளைக் கூப்பிட்டார்.

"டொக்டர், இஞ்ச வாங்க. ஒண்டு காட்டணும்."

பின்பக்கத்து இறப்பர் விரிப்பைக் கிழித்து எடுத்திருந்தார். அதன் கீழே, தரையோடு தரையாக, இரும்பு வளையங்கள் பற்றவைக்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கமும் வரிசையாக. எல்லா இரும்பும் துருப்பிடித்துக் கிடக்க, வளையங்களின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

"என்னத்துக்கு இது?"

"சாமான் கட்டுறதெண்டா உசரத்துல வெப்பாங்க. தரையில வெக்க மாட்டாங்க." அவர் கையைத் துணியில் துடைத்தார்.

"மாடு, ஆடு ஏத்தின வண்டியாயிருக்கும்" என்றாள் மேனுகா. மாட்டை இப்படித் தரையோடு பதிவாகக் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"இரிக்கும்" என்றார் ஸியாம், அவளைப் பார்க்காமல். "வெட்டிரவா?"

"வெட்டிருங்க."

அவர் வளையங்களை வெட்டி, அடித்தடத்தை அராவி, புதுத் தகடு போட்டு மூடினார். ஜீப்புக்கு மணல் நிறம் அடித்தார். பட்டிருப்புப் பாலத்தால் அவள் அதை முதல்முறை படுவான்கரைக்கு ஓட்டிப்போன காலையில், வாவியில் தோணிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிரவல் பாதையில் இறங்கியதும் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

மெல்லிய தட்டு. குதிக்காலால் தகட்டைத் தட்டுவது போல. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். அவள் வண்டியை நிறுத்தினாள், சத்தம் நின்றது. குளிர்ப்பெட்டியை இறக்கி முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். கேட்டது. ஜெக், சங்கிலி, மாற்று ரயர் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஓட்டினாள். அப்போதும் கேட்டது.

ஸியாம் இறப்பர் புஷ்களை மாற்றினார். அதிர்வுதாங்கிகளைக் கழற்றிப் பூட்டினார். உடல் சட்டத்தில் உட்காரும் ஆணி ஒவ்வொன்றையும் இறுக்கினார். போகவில்லை. கடைசியில், தானே பின்னால் ஏறித் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். மேனுகா ஓட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. அவர் ஓட்ட, அவள் பின்னால் இருந்தாள். இல்லை. இருவரும் முன்னால் வந்து இருந்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் தட்டுத் தொடங்கியது.

ஸியாம் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"ஆள் இருந்தா வருதில்ல" என்றார்.

"மூட்ட வெச்சுப் பாத்தன் ஸியாம் நானா. மூட்டைக்கும் வருது."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்திட்டன் டொக்டர். தெரியாததுக்கு நான் என்னத்தச் செல்ற?" அவர் இறங்கிப்போய்ப் பின்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. ஓதி முடித்து, கதவில் மெல்ல ஊதிவிட்டு வந்தார். "விக்கிறதெண்டா வித்திருங்க. நான் ஆள் பாத்துத் தாறன்."

அவள் விற்கவில்லை. மழைக்காலம் வந்துகொண்டிருந்தது, போன மாரியை அவள் மறக்கவில்லை. அதற்குப் பதிலாக வழியில் நிற்பவர்களை ஏற்றத் தொடங்கினாள். சந்தைக்குப் போகும் பெண்கள், பஸ்ஸைத் தவறவிட்ட ஆசிரியர்கள், மரவள்ளி மூட்டையோடு வருகிறவர்கள். மாட்டு டொக்டருக்கு நல்ல மனம் என்று ஊர்களில் பேசிக்கொண்டார்கள். அவர்களை இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அது கேட்கும். அவசரமில்லாத, கோபமில்லாத தட்டு. நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்வது போல.

ஐப்பசியில் ஈச்சஞ்சேனையில் ஊசி போடப் போனாள். புளியமரத்தடியில் மாடுகளைக் கட்டிக்கொண்டு ஊர்ச்சனம் நின்றது. மருந்தை எடுத்துக்கொண்டு அவள் ஜீப்பின் பின்கதவைச் சாத்தினாள். இடப்பக்க இலை தொம்மென்று மூட, வலப்பக்க இலை அதன்மேல் வந்து விழ, உள்ளே இரும்புத் தாழ் இறங்கியது.

கூட்டத்தில் ஒரு பெண் தன் பசுவின் கயிற்றை விட்டுவிட்டாள்.

பசு ஓடியது. ஆட்கள் அதைத் துரத்திக்கொண்டு வயல் வட்டைப் பக்கம் போனார்கள். அந்தப் பெண் மட்டும் கயிறு இருந்த மாதிரியே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அறுபதை நெருங்கிய வயது. ஒல்லியான, உயரமான உடம்பு. கண்கள் ஜீப்பின் பின்கதவில் இருந்தன. இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து அவளைத் தோளில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த இளம்பெண் திரும்பி வந்தாள். நிருஷா என்று பெயர்.

"மாமியப் பாத்துக் குறையா நினைக்காதீங்க மிஸ். அப்பாட அக்கா, சின்னத்தங்கம். தொண்ணூறுல, சண்ட நேரம், அவட புருசனைக் கொண்டுபோனவங்க. ஜீப்பிலதான். சாமித்தம்பி மாமா. மறுகா ஒரு தகவலும் இல்ல." அவள் பின்கதவைப் பார்த்தாள். "அந்தச் சத்தந்தானாம். அப்பிடியே அந்தச் சத்தமாம்."

மேனுகா பின்கதவைப் பார்க்காமல் மருந்துப் பெட்டியை மூடினாள். புதுத் தகட்டுக்குக் கீழே இருந்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அதன்பிறகு ஈச்சஞ்சேனைக்கு வந்தால் ஜீப்பை ஊருக்கு வெளியே, வாய்க்கால் கட்டிலேயே நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தாள்.

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஆற்றுக்கு அப்பால் உள்ள பட்டிகளுக்குப் போவதற்காக வந்தவள் வாய்க்கால் கட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குள் போய் ஒரு கன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஜீப்புக்குப் பக்கத்தில் சின்னத்தங்கம் நின்றாள். தலையில் மழைக்கு ஒரு பொலித்தீன் பை. நல்ல சேலை உடுத்தியிருந்தாள்.

"துறைக்கு அங்கால போறியா மகள்?"

"ஓம் அம்மா. பட்டிக்கு."

"என்னையும் ஏத்து."

மேனுகா தயங்கினாள். "அம்மா, இது அந்த ஜீப்தானெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதப்போல அந்த நேரம் எத்தினையோ ஓடியிருக்கும்."

"இதாயிருந்தா என்ன, இதப்போல இன்னொண்டாயிருந்தா என்ன? இப்பிடி ஒண்டுலதானே கொண்டு போனவங்க." சின்னத்தங்கம் கையால் கதவின் ஓரத்தைத் தடவினாள். "நான் பின்னால ஓடினன் மகள். மணலுக்குள்ள. துறை வரைக்கும் ஓடினன். அது தண்ணிக்குள்ள இறங்கி ஏறிப் போயிட்டு. எனக்கு நீந்தத் தெரியா. அண்டைக்கு நிண்டதுதான். அங்கால என்ன இருக்கெண்டு இண்டு வரைக்கும் நான் பாத்ததில்ல."

"ஊர்ச்சனம் போய் வருதுதானே?"

"போகுது. நான் போகல்ல."

மேனுகா முன்கதவைத் திறந்துவிட்டாள். சின்னத்தங்கம் தலையை ஆட்டினாள். "பின்னாலதான் இருப்பன்." நீள இருக்கையிலும் அவள் இருக்கவில்லை. தரையில், புதுத் தகட்டின்மேல், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும்போது மேனுகா சத்தம் வராமல் சாத்தப் பார்த்தாள். முடியவில்லை. தாழ் விழுந்தது. உள்ளே இருந்தவள் கண்களை மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

துறையில் தண்ணீர் மண்நிறமாகச் சுழித்துக்கொண்டு போயிற்று. இந்த உயரத்தில் வேறெந்த வண்டியும் இறங்காது. மேனுகா தாழ்ந்த கியரைப் போட்டு, ஸியாம் சொல்லித்தந்தபடி முன்னால் அலையைத் தள்ளிக்கொண்டு மெல்ல இறக்கினாள். தண்ணீர் கதவுகளின் கீழ்ப்பாதிவரை ஏறியது. கூரைக் குழாய் மூச்சு வாங்குவது கேட்டது. ரயர்கள் கல்லைப் பிடித்தன. ஜீப் அக்கரையில் ஏறி நின்றது.

அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பட்டிகளுக்கு. மற்றது தேக்கங்காட்டு ஓரமாகப் பழைய பெரிய வீதிக்கு. மேனுகா பின்கதவைத் திறந்துவிட்டாள். சின்னத்தங்கம் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பாதையையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது என்னவோ, அங்கே இருந்தது வெறும் பாதைகளும் நனைந்த புல்லும்தான்.

"எந்தப் பக்கம் போயிருக்கும் மகள்?"

"தெரியா அம்மா."

சின்னத்தங்கம் தலையிலிருந்த பையைக் கழற்றினாள். பிறகு, கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் கூப்பிடுவது போல, இடப்பக்கப் பாதையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க!"

மழைக்குள் குரல் போயிற்று. வலப்பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்க! வாங்க, வீட்ட போவம். மழ வருது."

வயலில் வேலையாக நிற்பவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல். அழுகை இல்லை. மேனுகாதான் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பட்டியிலிருந்து தொலைபேசி வந்தது: மேலே மழை கொட்டுகிறது, ஆறு ஏறப்போகிறது, இன்றைக்கு வரவேண்டாம் டொக்டர், திரும்பிப் போய்விடுங்கள்.

திரும்பும்போது துறை ஏற்கனவே மாறியிருந்தது. அக்கரையை விட்டு இறங்கி நடுத்தண்ணீரைத் தாண்டியதும், வெள்ளம் தோண்டிய பள்ளம் ஒன்றில் முன்ரயர் இறங்கியது. ஜீப் சரிந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரயர்கள் வெறுமனே சுற்றின. மேனுகா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வின்ச்சின் கொளுக்கியைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். மருத மரம் ஒன்றைச் சுற்றி நாடாப் பட்டியைப் போட்டுக் கொளுவினாள். வின்ச்சைத் தூரத்திலிருந்து இயக்கும் சிறு பொத்தானை அமர்த்தியதும் வடம் விறைத்தது. மரம் முனகியது.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். வைப்பர் முன்கண்ணாடியை வழித்துக்கொண்டிருந்தது. இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில் சின்னத்தங்கத்தின் நரைத்த தலை தெரிந்தது. தண்ணீர் வழிந்து கண்ணாடி கலங்கியது, வைப்பர் வழித்தது. நரைத்த தலைக்குப் பின்னால் இன்னொரு தலை. கறுத்த மயிர். கூரை இடிக்காமல் குனிந்து வைத்துக்கொண்டது போல, முன்னே சாய்ந்த தலை.

குளிர்ப்பெட்டி என்று நினைத்தாள். குளிர்ப்பெட்டி முன்னிருக்கையில் இருந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் இழுவை நின்றுவிடும், ஆறோ ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. கண்களைக் கீழே இறக்கி, வடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீப் ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம் என்று பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.

மறுபடி ஏறி உட்கார்ந்தபோது அவள் பின்னால் திரும்பவில்லை. உள்கண்ணாடியையும் மேலே திருப்பிவிட்டாள். ஆனால் ஓட்டுகிறவளுக்கு வண்டி பொய் சொல்லாது. பின்வில்கள் அமர்ந்திருந்தன. ஒல்லியான ஒரு பெண்ணின் பாரம் அல்ல அது. மேடுகளில் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வழிநெடுகச் சின்னத்தங்கம் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். புளியமரம் பட்டுத் துளிர்த்ததையும், யார் யாரைக் கட்டினார்கள் என்பதையும் சொல்வது போலிருந்தது. மேனுகா வானொலியைப் போடவில்லை. போட்டால் மரியாதையில்லை என்று தோன்றியது.

சின்னத்தங்கத்தின் வேலிப் படலைக்கு முன்னால் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டு அவள் விலகி நின்றாள். சின்னத்தங்கம் இறங்கினாள். இறங்கியவள் போகவில்லை. கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்று, இருட்டான உட்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்து இறங்குங்க. இப்ப உசரமாக்கிட்டாங்க."

அந்தக் கதவு இலை கொஞ்சம் அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். சின்னத்தங்கம் இரண்டு இலையையும் தானே சாத்தினாள். தாழ் விழுந்த சத்தத்துக்கு அவள் திரும்பியும் பார்க்கவில்லை. படலைக்குள் போய்விட்டாள்.

மேனுகா கிரவல் பாதையில் தனியே திரும்பினாள். பின்னால் சத்தமில்லை. பட்டிருப்புப் பாலம் வரைக்கும் காது கொடுத்துக்கொண்டு வந்தாள். இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஸியாமிடம் சொன்னபோது அவர் அதிகம் கேட்கவில்லை. "எங்கயாச்சும் கல்லு மாட்டியிருந்திருக்கும். தண்ணி கழுவிட்டுப் போயிரிக்கும்" என்றார். அவரே அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. என்றாலும் இருவருக்கும் அந்தப் பதில் போதுமாக இருந்தது.

அந்த மாரி முழுவதும் ஜீப் துறையைத் தாண்டியது. பட்டிகளில் தொண்டை அடைப்பான் வரவில்லை. தான் நல்லது செய்ததாகவே மேனுகா நினைத்துக்கொண்டிருந்தாள், தை பிறந்து ஒருநாள் ஈச்சஞ்சேனைக்கு ஊருக்குள்ளேயே வண்டியை ஓட்டிப்போகும் வரைக்கும்.

நிருஷா வழியிலேயே மறித்தாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"நீங்க என்னத்தக் கொண்டுவந்து விட்டீங்க மிஸ்?"

"ஏன் நிருஷா, என்ன?"

"மாமி ரெண்டு பேருக்குச் சமைக்கிறா. ரெண்டு கோப்பையில சோறு போட்டு வெக்கிறா. முந்தி வேலியோட நிண்டு அழுவா. அதெண்டாலும் எங்களுக்கு விளங்கின அழுகை. இப்ப சிரிக்கிறா. நாங்க கதைச்சா, மெதுவாக் கதைங்கடி, அவரு படுத்திருக்காரெண்டு சொல்றா." கோபம் அவள் குரலிலிருந்து மெல்ல வடிந்தது. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் இத அப்பாக்கும் சொல்லல்ல. முந்தநாத்து மத்தியானம் மாமி கடைக்குப் போயிருந்தவ. வீட்டுக்குள்ள ஆரோ இருமினாங்க."

மேனுகா மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

சின்னத்தங்கத்தின் வளவு கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. வேலி புதிதாக வரிந்து கட்டப்பட்டிருந்தது. பசு சினைப்பட்டிருந்தது, மேனுகா பார்த்துச் சொன்னதும் சின்னத்தங்கம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். முகம் பத்து வயது குறைந்து போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, செய்தது சரியா பிழையா என்று நினைத்துப் பார்க்கவே மேனுகாவுக்குப் பயமாக இருந்தது.

"இரி மகள், தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

முற்றத்து மாமர நிழலில் பலகை வாங்கு ஒன்று கிடந்தது. ஊரில் எவரையும் விடாமல் குரைக்கும் நாய் அதன் காலடியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. மேனுகா போய் உட்காரக் குனிந்தாள்.

"அதுல வேணாம் மகள்" என்றாள் சின்னத்தங்கம், அடுப்படி வாசலிலிருந்து, மிகவும் அன்பாக.

மேனுகா நிமிர்ந்தாள். தேத்தண்ணீரை வாங்கி, நின்றபடியே குடித்தாள்.